ஒட்டு மாங்கன்றுக்கு என்ன வயது? செடிகள் மூப்படையும்போது மரபணுவில் நடப்பது

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு நர்சரியில் ஒட்டு மாங்கன்று வாங்குகிறீர்கள். முழங்கால் உயரம், கறுப்புப் பையில் செம்மண், தண்டின் நடுவில் பாலித்தீன் நாடா சுற்றிய ஒட்டு. இதற்கு என்ன வயது? ஒரு வருடம் என்பார் நர்சரிக்காரர். அது அடியில் இருக்கும் வேர்ச்செடியின் வயது, கொட்டை முளைத்த நாளிலிருந்து கணக்கு. மேலே கட்டியிருக்கும் குச்சியோ காய்த்துக்கொண்டிருந்த ஒரு தாய்மரத்தில் வெட்டியது, அந்தத் தாய்மரமும் வேறொன்றின் ஒட்டு, அதுவும் இன்னொன்றின் ஒட்டு. மல்கோவாவோ இமாம்பசந்தோ, எந்த ரகமாக இருந்தாலும் ஆரம்பத்தில் ஒரே ஒரு கொட்டையிலிருந்து முளைத்த ஒரே ஒரு மரம் இருந்திருக்கும். அன்றிலிருந்து இன்றுவரை அறுபடாமல் செல் பிரிந்து பிரிந்து வந்த உடம்புதான் இந்தக் கன்றின் மேல்பாதி.

மேல்பாதிக்கு அந்த வயது நன்றாகவே நினைவிருக்கிறது. கொட்டைக் கன்று காய்க்க ஆறு வருடம் ஆகும், பத்தும் ஆகலாம். ஒட்டுக் கன்று மூன்று நான்கு வருடத்தில் காய்க்கும். சில கன்றுகள் பையில் இருக்கும்போதே பூங்கொத்து விட்டுவிடும், உடம்பு தாங்காது என்று முதல் இரண்டு மூன்று வருடம் அதைக் கிள்ளிவிடச் சொல்வார்கள். குச்சியை வெட்டி வேறு வேரில் பொருத்தியதில் அதன் பருவம் குழந்தைப் பருவத்துக்குத் திரும்பவில்லை, இதுதான் ஒட்டுக் கட்டுவதன் லாபமே. அப்படியானால் பருவம் மட்டும்தான் கூட வருகிறதா, இல்லை மூப்பின் தேய்மானமும் சேர்ந்து வருகிறதா?

1795-இல் இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷையரைச் சேர்ந்த தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற தோட்டக்கலை ஆராய்ச்சியாளர், லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதைப் பற்றித்தான் எழுதினார். அவருடைய வட்டாரத்தில் பழைய பெயர்பெற்ற ஆப்பிள் ரகங்கள் நலிந்துகொண்டிருந்தன. புதிதாக ஒட்டுக் கட்டிய இளம் மரங்களும் பொருக்கு விட்டுப் பட்டுப்போயின. அவர் வந்த முடிவு இது: ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு ஆயுள் உண்டு, எத்தனை ஒட்டுக் கட்டினாலும் அத்தனையும் அந்த முதல் மரத்தின் வயதையே சுமக்கின்றன, தாய் மூத்தால் பிள்ளைகளும் மூப்பார்கள். அதனால் விதையிலிருந்து புது ரகங்களை உண்டாக்கியே தீரவேண்டும் என்று இறங்கி வேலையும் செய்தார்.

நலிவுக்கு அவர் சொன்ன காரணம் பெரும்பாலும் தவறு. ஒட்டுக் குச்சியோடு சேர்ந்து வைரஸும் நோயும் பரவும் என்பது அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. ரகத்துக்கு ஆயுள் உண்டு என்ற வாதத்துக்கும் இப்போது நேர் எதிரான சாட்சி கிடைத்திருக்கிறது. பிரான்ஸின் ஆர்லியான் நகரில் அகழாய்வில் கிடைத்த, கி.பி. 1050க்கும் 1200க்கும் இடைப்பட்ட ஒரு திராட்சை விதையின் டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்தபோது, இன்றும் தோட்டங்களில் இருக்கும் சவான்யான் பிளான் ரகத்தோடு அது மரபணு அளவில் அப்படியே ஒத்துப்போனது, 2019-இல் வெளியான ஆய்வு இது. சுமார் 900 வருடம் ஒரே கொடியைக் குச்சி வெட்டி நட்டு நட்டே கொண்டுவந்திருக்கிறார்கள், அது இன்னமும் நல்ல ஒயின் தருகிறது. ஆனாலும் நைட் கேட்டது வீண் கேள்வி இல்லை. வயது கூடவே வருகிறது என்ற பாதி சரி. எந்த வயது, எதில் வருகிறது என்பதுதான் இந்த இருபது வருடத்தில் தெளிவாகிக்கொண்டு வருகிறது. மரம் மூப்படையும்போது டி.என்.ஏ.வின் எழுத்து, அதாவது அதன் வேதி அலகுகளின் வரிசை, வியக்கத்தக்க அளவுக்கு மாறாமல் நிற்கிறது, அதன் மேல் ஒட்டியிருக்கும் வேதிக் குறிகளோ வேகமாக மாறுகின்றன. விவசாயிக்கு வரும் தொல்லைகளில் சிலவற்றுக்கு இந்தக் குறிகள்தான் காரணம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

முதலில் பருவத்தைப் பார்ப்போம். இதைக் கண்ணால் பார்க்க ஊட்டிக்குப் போனால் போதும். நீலகிரியில் 1840களில் கொண்டுவந்து நட்ட தைல மரம், யூகலிப்டஸ் குளோபுலஸ். பெரிய மரத்தின் உச்சியில் இருக்கும் இலைகள் நீளமாக, அரிவாள் மாதிரி வளைந்து, காம்போடு தொங்கும், அடர்பச்சை. அதே மரத்தை வெட்டிவிட்டு ஒரு மழைக்காலம் கழித்து அடிக்கட்டையைப் பாருங்கள். அதிலிருந்து கிளம்பும் துளிரில் இலை அகலமாக, காம்பே இல்லாமல் தண்டைப் பிடித்துக்கொண்டு, இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும், மேலே நீலச் சாம்பல் பூத்திருக்கும், தண்டுகூடச் சதுரமாக இருக்கும். வேறு மரமோ என்றுதான் தோன்றும். விதையிலிருந்து முளைத்த கன்றுக்கும் இதே இலைதான். அதாவது ஐம்பது வருட மரத்தின் அடியில் குழந்தைப் பருவம் அப்படியே தங்கியிருக்கிறது.

இதற்குப் பின்னால் இருப்பது 21 எழுத்துக்குள் அடங்கும் ஒரு சின்ன ஆர்.என்.ஏ., மைக்ரோ ஆர்.என்.ஏ. 156 என்று பெயர். இளஞ்செடியில் இது நிறைய இருக்கும், இருக்கும்வரை பூப்பதற்கும் முதிர் இலை விடுவதற்கும் வேண்டிய எஸ்.பி.எல். மரபணுக்களை அடக்கிவைக்கும். செடி வளர வளர இதன் அளவு குறையும், ஒரு கட்டத்தில் எஸ்.பி.எல். விடுபட்டு முதிர்பருவம் வந்துவிடும். கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடியான அராபிடாப்சிஸில்தான் இதை முதலில் பிரித்துப் பார்த்தார்கள், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஸ்காட் போயதிக் இதில் முக்கியமானவர். அப்புறம் 2011-இல் வேலமரம், ஓக், பாப்லர், ஐவி கொடி, நம் நீலகிரித் தைல மரமான அதே குளோபுலஸ் என்று பல மரங்களில் பார்த்தபோதும் இதே கதைதான். ஏன் குறைகிறது என்று தேடியபோது இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று சர்க்கரை: இலைகள் கூடிச் செடி தனக்கு வேண்டிய சர்க்கரையைத் தயாரிக்கத் தயாரிக்க இந்த ஆர்.என்.ஏ. இறங்குகிறது. இன்னொன்று எபிஜெனெடிக், அதாவது எழுத்தை மாற்றாமல் மேலே விழும் குறி: இந்த ஆர்.என்.ஏ.வை உண்டாக்கும் மரபணு சுற்றிவைக்கப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் 'அடக்கிவை' என்ற பொருளுள்ள மெத்தில் குறிகள் வயதோடு ஏறுகின்றன. மரபணுவின் ஓர் எழுத்தும் மாறவில்லை, வாசிக்க முடியாதபடி அது மெல்ல மூடப்படுகிறது.

குறி ஏறுவது வளரும் நுனியில் என்பதால், கடைசியாக உண்டான உச்சிதான் பருவத்தில் மூத்தது. முதலில் உண்டான அடிமரம் காலக்கணக்கில் கிழம், பருவக்கணக்கில் குழந்தை. குச்சி நட்டு வேர் பிடிக்கவைப்பவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும், உச்சிக்குச்சியைவிட அடித்துளிர் சுலபமாக வேர்விடும் மரங்கள் நிறைய.

பருவ நினைவு எவ்வளவு கறாரானது என்பதற்கு மூங்கிலைத்தான் சொல்லவேண்டும். மிசோரத்தின் மெலோகன்னா மூங்கில் சுமார் 48 வருடத்துக்கு ஒருமுறை காடு காடாகச் சேர்ந்து பூத்து, காய்த்து, செத்துப்போகும். 1959-இல் அப்படிப் பூத்தபோது காயைத் தின்று பெருகிய எலிகள் வயலுக்குள் இறங்கிப் பஞ்சமே வந்தது, அரசியலே மாறியது. அடுத்து 2007-இல் பூத்தது. இடையில் அந்த மூங்கில்கள் கிழங்கிலிருந்து புதுத் தண்டு விட்டுக்கொண்டேதான் இருந்தன, ஆனால் நேற்று முளைத்த தண்டும் நாற்பது வருடக் கூட்டத்தின் வயதில்தான் இருக்கிறது. ஜப்பானிலிருந்து மேலைநாடுகளுக்குக் கொண்டுபோன ஃபில்லோஸ்டாக்கிஸ் மூங்கிலும் 1960களின் இறுதியில், தாயகத்தில் பூத்த அதே சமயத்தில் அங்கேயும் பூத்தது. மண் வேறு, குளிர் வேறு, கணக்கு ஒன்று.

சரி, தேய்மானத்துக்கு வருவோம். விலங்குகளில் கருமுட்டையும் விந்தும் ஆகப்போகும் செல்கள் கரு வளர்ச்சியின் தொடக்கத்திலேயே தனியாக ஒதுக்கப்பட்டுவிடும் என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மன் சொன்னார். செடியில் அப்படி ஒதுக்கிவைத்தது எதுவும் தெரிவதில்லை. நேற்றுவரை தண்டும் இலையும் செய்துகொண்டிருந்த நுனியே இன்றைக்குப் பூவாகி விதை தருகிறது. இருநூறு வருட மரத்தின் உச்சியில் பூக்கும் பூ, இருநூறு வருட செல் பிரிவுகளைத் தாண்டி வந்தது. ஒவ்வொரு பிரிவிலும் டி.என்.ஏ. நகலெடுப்பில் கொஞ்சம் பிழை வரும் என்றால், கிழமரங்களின் விதைகள் பிழைக் குவியலாகத்தானே இருக்கவேண்டும்?

இதைச் சோதிக்க ஸ்விட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்துக்காரர்கள் தொலைவுக்குப் போகவில்லை. வளாகத்திலேயே நெப்போலியன் ஓக் என்ற மரம் நிற்கிறது, 1800-இல் நெப்போலியன் படையோடு அந்தப் பக்கம் வந்தபோது அது இளமரம். ஆய்வு நேரத்தில் அதற்கு 234 வயது. அடியில் ஒரு கிளை, உச்சியில் ஒரு கிளை, இரண்டிலிருந்தும் இலை பறித்து முழு மரபணுத் தொகுப்பையும் படித்தார்கள். ஓக்கின் தொகுப்பில் ஏறக்குறைய 74 கோடி எழுத்துகள். இரண்டு கிளைக்கும் இடையில் அவர்கள் உறுதிசெய்த ஓரெழுத்து மாற்றங்கள் 17. இரு நூற்றாண்டுக்கு மேல் வெயிலிலும் புற ஊதாக் கதிரிலும் நின்ற மரத்தில் பதினேழு! 2017-இல் இது வெளியானபோது பலருக்கும் நம்ப முடியவில்லை. அடுத்த வருடம் பிரான்ஸில் சுமார் 100 வயது ஓக் ஒன்றில் பார்த்த குழு, கிளையில் உண்டான மாற்றங்கள் கொட்டைகளுக்கும் போவதைக் காட்டியது, ஆக வைஸ்மன் சொன்ன சுவர் ஓக்கில் இல்லை என்பதும் உறுதியானது. இந்த எண்ணிக்கை கிளை முழுக்கப் பரவிவிட்ட மாற்றங்களுக்கானது என்பதை மறக்கக் கூடாது. ஒரு மூலையில் ஒருசில செல்களில் மட்டும் இருக்கும் மாற்றங்களையும் தேடினால் எண்ணிக்கை பல மடங்கு கூடுகிறது, பிரெஞ்சு கயானாவின் மழைக்காட்டு மரங்களில் அப்படித் தேடியபோது ஆயிரக்கணக்கில் கிடைத்தன. இருந்தாலும் பழைய கணக்கில் எதிர்பார்த்த அழிவு எங்கும் இல்லை.

ஏன் இவ்வளவு குறைவு? பெர்ன் பல்கலைக்கழகத்தில் அராபிடாப்சிஸ், தக்காளி இரண்டின் நுனியிலும் செல் செல்லாகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். புதுச் செல்களை உண்டாக்கும் திசுவான நுனி ஆக்குத்திசுவின் நட்டநடுவில் இருக்கும் செல்கள் சோம்பேறிகள் மாதிரித் தெரியும், மிக அரிதாகவே பிரிகின்றன. இலைக்கோணத்தில் அடுத்த மொட்டு உண்டாக வேண்டிய செல்கள் ஆரம்பத்திலேயே அமைதியாக ஒதுங்கிவிடுகின்றன, தாய் நுனியிலிருந்து கோணமொட்டு வரைக்கும் பத்துக்கும் குறைவான பிரிவுகள்தான். தண்டு நீள்வதும் இலை விரிவதும் லட்சக்கணக்கான பிரிவுகளால் நடக்கிறது, ஆனால் அந்தச் செல்களுக்கு வாரிசு கிடையாது. அதனால் பிழை சேர்வது மரத்தின் உயரத்தைப் பொறுத்ததில்லை, எத்தனை முறை கிளைவிட்டது என்பதைப் பொறுத்தது. ஆகவே செடியிலும் ஒதுக்கிவைப்பு ஒருவகையில் உண்டு, தள்ளித் தள்ளி, ஒவ்வொரு கணுவிலும்.

போர்னியோவில் நடந்த ஒரு ஆய்வு இந்தக் கதையைக் கொஞ்சம் கலைத்தது. மெதுவாக வளரும் ஷோரியா மரம் ஒன்று, வேகமாக வளரும் அதன் உறவுக்கார மரம் ஒன்று, இரண்டையும் வைத்துப் பார்த்த ஜப்பானிய, இந்தோனேசிய ஆய்வாளர்கள் ஒரு மீட்டர் வளர்ச்சிக்கு என்று கணக்கிட்டால் மெதுவான மரத்தில்தான் மாற்றம் அதிகம், ஒரு வருடத்துக்கு என்று கணக்கிட்டால் இரண்டிலும் ஒரே வேகம் என்று 2023-இல் சொன்னார்கள். நகலெடுக்கும்போது மட்டும் பிழை வருவதில்லை, சும்மா இருக்கும் காலத்திலும் டி.என்.ஏ. அடிபடுகிறது என்று இதற்கு அர்த்தம். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் 'பிரியாமல் இருந்தால் மூப்பில்லை' என்ற சுலபமான பதிலை இது மூடிவிடுகிறது.

மனித முதுமையில் அடிக்கடி பேசப்படும் டெலோமியர், அதாவது குரோமோசோம் முனை தேய்வது, செடிகளில் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. முனையை நீட்டித் தரும் டெலோமரேஸ் என்சைம் வளரும் நுனிகளில் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

சேரும் எழுத்து மாற்றங்கள் எல்லாம் கெடுதலும் இல்லை. விதையில்லா நேவல் ஆரஞ்சு பிரேசிலின் பயீயாவில் ஒரு கிளையில் திடீரென வந்த மாற்றம் என்றுதான் அறியப்படுகிறது. 1870களில் அது கலிஃபோர்னியாவின் ரிவர்சைடுக்குப் போய் ஒரு தொழிலையே உண்டாக்கியது. தோட்டக்காரர்கள் நூற்றாண்டுகளாக இப்படி வித்தியாசமான கிளையைத் தேடித்தான் ரகம் சேர்த்திருக்கிறார்கள்.

இப்போது குறிகள். டி.என்.ஏ.வில் சி என்ற எழுத்தின் மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக்குழு ஒட்டும், ஒட்டினால் பெரும்பாலும் அந்தப் பகுதி அடங்கும். செல் பிரியும்போது இந்தக் குறியையும் நகலெடுக்கத் தனி என்சைம்கள் இருக்கின்றன. கைமாறிக் கைமாறி வரும் பழைய பாடப்புத்தகத்தில் அச்சு அப்படியே இருக்க, பென்சில் அடிக்கோடுகள் மட்டும் ஒவ்வொரு கையிலும் கூடுவதும் அழிவதும்போல, எழுத்தைவிடக் குறிகளின் நகலெடுப்பு மிகவும் தளர்வானது. எவ்வளவு தளர்வு? அராபிடாப்சிஸைத் தன்மகரந்தச் சேர்க்கையிலேயே 30 தலைமுறை வளர்த்துப் பார்த்தார்கள். ஒரு எழுத்து ஒரு தலைமுறையில் மாற வாய்ப்பு ஏறக்குறைய 14 கோடியில் ஒன்று (2010). அதே வரிசைச் செடிகளில் மெத்தில் குறி விழுவதோ உதிர்வதோ சில ஆயிரத்தில் ஒன்று. ஒரு லட்சம் மடங்கை நெருங்கும் வித்தியாசம்.

மரத்திலும் இதே ஓட்டம்தான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சுமார் 330 வயதுப் பாப்லர் ஒன்றின் பல கிளைகளில் எடுத்த இலைகளை ஜெர்மன், அமெரிக்கக் குழுக்கள் சேர்ந்து படித்தபோது, இரண்டு கிளைகள் எவ்வளவு காலம் முன்பு பிரிந்தனவோ அந்த அளவுக்கு அவற்றின் மெத்தில் குறிகளும் விலகியிருந்தன. விலகல் அவ்வளவு சீராக இருந்ததால் அதை வைத்தே மரத்தின் வயதைக் கணிக்க முடிந்தது. 2023-இல் இதே குழுக்கள் இன்னும் ஒரு படி போய், கடல்புல் கூட்டங்களின் வயதைக்கூட இந்தக் குறிகளை வைத்துக் கணித்தார்கள், கடல்புல்லில் எண்ணுவதற்கு வளையம் ஏது! மனிதர்களுக்கு ஸ்டீவ் ஹோர்வத் 2013-இல் செய்துகாட்டிய மெத்தில் கடிகாரத்துக்கு உறவு இது, ஆனால் ஒன்றல்ல. செடியில் இந்தக் கடிகாரம் ஓடும் இடங்கள் பெரும்பாலும் மரபணுக்களின் நடுப்பகுதி, அங்கே குறி விழுந்தாலும் உதிர்ந்தாலும் மரத்துக்கு எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை.

தொல்லை வேறு இடத்தில். செடிகளின் டி.என்.ஏ.வில் பெரும் பகுதி தாவும் மரபணுக்கள், தம்மைத் தாமே நகலெடுத்து வேறிடத்தில் போய் உட்காரும் துண்டுகள். மெத்தில் குறிதான் அவற்றை அடக்கிவைக்கிறது. நமீப் பாலைவனத்தில் இரண்டே இலையோடு ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழும் வெல்விட்சியாவின் தொகுப்பை 2021-இல் படித்தபோது கண்ணில் பட்டதும் இதுதான், தாவும் துண்டுகள் ஏராளம், அவற்றின் மேல் மெத்தில் குறி அடர்த்தியோ அடர்த்தி. இந்தக் கட்டு அவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எண்ணெய்ப் பனையைப் பார்க்கலாம். மலேசியாவில் நல்ல மகசூல் தரும் பனைகளைத் திசு வளர்ப்பில் பெருக்கினார்கள். நட்டுச் சில வருடம் கழித்துப் பூக்கும்போதுதான் தெரிந்தது, சில மரங்களில் பூவின் ஆண் பாகங்கள் சூலகம்போல் மாறி, காயைச் சுற்றிக் கூடுதல் இதழ் இதழாகச் சதை வைத்து, எண்ணெய் குறைந்து போயிருந்தது. எழுத்தில் வித்தியாசமே இல்லை. 2015-இல் மலேசியப் பாமாயில் வாரியமும் நியூயார்க்கின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகமும் சேர்ந்து காரணத்தைப் பிடித்தன. பூவின் வடிவத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவுக்குள்ளே 'கர்மா' என்ற தாவும் துண்டு உட்கார்ந்திருக்கிறது, அதன் மேல் மெத்தில் இருந்தால் காய் ஒழுங்கு, போனால் கோணல். இப்போது இளங்கன்றின் இலையிலேயே அதைச் சோதித்துவிடலாம், வருடக்கணக்கில் நிலத்தில் காத்திருக்க வேண்டாம்.

திசு வளர்ப்பு என்பது ஆய்வகத்தில் நடக்கும் அவசரப் பெருக்கம். தோட்டத்தில் நிதானமாக, பல பத்து வருடத்தில் இப்படி ஏதாவது நடக்குமா? நடந்திருக்கிறது, பாதாமில். உலகப் பாதாமில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கலிஃபோர்னியாவில் விளைகிறது. அங்கே முதன்மை ரகமான நான்பரேல் 1879 வாக்கில் உருவானது, அன்றிலிருந்து ஒட்டிலேயே வருகிறது. 1960களில் வந்த கார்மெல் என்ற ரகமும் நன்றாக ஓடியது. ஆனால் இந்த மரங்களில் ஒரு கோளாறு தலைகாட்டியது. வசந்தத்தில் பூ ஒழுங்காகப் பூக்கும், ஆனால் போன வருடம் வளர்ந்த மிலாறுகளில் இலைமொட்டுகள் மட்டும் விரியாமல் காய்ந்து உதிரும். உதிர்ந்த இடமெல்லாம் மொட்டைக் குச்சி, நுனியிலும் அடியிலும் பிழைத்த ஓரிரு மொட்டுகள் கோணல்மாணலாகக் கிளம்பும், மரத்தின் தலை பறட்டையாகிவிடும். தடித்த கிளைகளில் பட்டை சொரசொரப்பாக வெடிக்கும். மகசூல் இறங்கும், மரம் சாகாது. கோடை கடுமையாக இருந்த வருடத்துக்கு அடுத்த வசந்தத்தில் இன்னும் மோசம்.

வைரஸ் என்று தேடினார்கள், இல்லை. பூஞ்சை, பாக்டீரியா, சத்துக்குறை எதுவும் இல்லை. பக்கத்து மரத்துக்குத் தொற்றவும் இல்லை. ஆனால் பாதிக்கப்பட்ட மரத்திலிருந்து மொட்டெடுத்துக் கட்டினால் கன்றுக்கும் வரும். டேவிஸிலிருக்கும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் டேல் கெஸ்டர் பல பத்தாண்டு இதைத் துரத்தினார். அவர் கண்டது, இது ரகம் முழுக்கச் சீராக இல்லை, ஒவ்வொரு மொட்டு வரிசைக்கும் ஒரு அபாய அளவு இருக்கிறது, ஒட்டுத் தலைமுறைகள் கூடக்கூட, வெயில் கூடக்கூட அது ஏறுகிறது. அதனால் எந்த மரம், எந்தக் கிளை, எந்த மொட்டு என்று ஒற்றை மொட்டு அளவுக்குத் தேர்ந்து, அதிலிருந்து வந்த மரங்களை வருடக்கணக்கில் கவனித்து, கோளாறு குறைந்த வரிசைகளை மட்டும் நர்சரிகளுக்குக் கொடுக்கும் வழக்கம் வந்தது. மரத்தின் அடிப்பகுதியில் தூங்கிக்கொண்டிருக்கும் மொட்டுகள் உச்சி மொட்டுகளைவிடப் பாதுகாப்பானவையாக இருந்தன. ஊட்டித் தைல மரத்தின் அடிக்கட்டையில் இளமை தங்கியிருப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

அண்மையில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மெத்தில் கண்ணோட்டத்தில் எடுத்தார்கள். பாதாமில் சில கொட்டைக்குள் இரண்டு கரு இருக்கும், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். மரபணு எழுத்து ஒன்றே. அப்படிப்பட்ட இரட்டையரில் ஒரு மரத்துக்கு மொட்டுக் கோளாறு வந்து மற்றதற்கு வராத ஜோடிகள் இருந்தன. ஒப்பிட்டுப் பார்த்தால் மெத்தில் குறிகள் தொகுப்பின் பல இடங்களில் வேறுபட்டன. வெவ்வேறு வயதுப் பாதாம்களை ஒப்பிட்டபோது வயதோடும் குறிகள் நகர்ந்திருந்தன. கர்மா துண்டுபோல 'இந்த ஒரு இடம்தான்' என்று விரல் வைக்கும் நிலை இதில் வரவில்லை. ஆனால் 1795-இல் நைட் ஆப்பிளில் தேடியது, ஒட்டோடு ஒட்டாகப் பயணம் செய்து மூப்படையும் ஒரு கோளாறு, உண்மையிலேயே இருக்கிறது என்பதற்குப் பாதாமைவிட நல்ல சாட்சி இல்லை.

நம் பக்கம் இதில் கவனம் வைக்கவேண்டிய பயிர் வாழை. தேனிப் பக்கம் வயல் வயலாக நிற்கும் ஜி9 ரகம் திசு வளர்ப்பு வாழைதான். ஒரு கிழங்கு நுனியை எடுத்து ஆய்வகத்தில் பிரித்துப் பிரித்து ஆயிரக்கணக்கில் ஆக்குகிறார்கள், அதிகம் பிரித்தால் குட்டை வாழை, இலை கோணல் வாழை என்று மாறாட்டக் கன்றுகள் கூடும். இத்தனை சுற்றுக்குமேல் பிரிக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பதன் காரணம் இதுதான். அந்த எண்ணிக்கையைக் கடைப்பிடிக்காத இடத்தில் கன்று வாங்கிய விவசாயிக்கு அது தெரியவரும்போது தார் போடும் காலம் வந்திருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு மரங்களும் நம்மைப் போலத்தான் தேய்ந்து சாகின்றன என்று நினைத்தால் தவறு. கலிஃபோர்னியாவின் வெள்ளை மலைகளில் நிற்கும் பிரிஸ்டில்கோன் பைன்களில் 4,700 வயது தாண்டியவற்றையும் சேர்த்துச் சோதித்த 2001 ஆய்வில், மகரந்தத்தின் உயிர்ப்பிலும் விதை முளைப்பிலும் இளமரங்களோடு ஒப்பிட எந்த இறக்கமும் தெரியவில்லை. சீனாவில் 15 வயதிலிருந்து 667 வயது வரையான கிங்கோ மரங்களின் கேம்பியத்தை, அதாவது பட்டைக்கு அடியில் தண்டைப் பருக்கவைக்கும் திசுவை, 2020-இல் பார்த்தார்கள். கிழமரங்களில் செல் பிரிவு மெதுவாகியிருந்தது, வளையம் மெலிந்திருந்தது. ஆனால் இலை மூத்து உதிரும்போது விழித்தெழும் முதுமை மரபணுக்கள் கேம்பியத்தில் தூங்கிக்கொண்டேதான் இருந்தன, நோய் எதிர்ப்பு மரபணுக்களும் தளரவில்லை. இலைக்கு முதுமை உண்டு, அது திட்டமிட்ட சாவு, தழைச்சத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு கைவிடுவது. மரத்துக்கு அப்படி ஒரு திட்டம் இல்லை. காற்று, இடி, பூஞ்சை, கோடாரி, இவைதான் பெரும்பாலும் முடித்துவைக்கின்றன.

ஆனாலும் கணக்கே இல்லாமல் போவதில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வேரிலிருந்தே பெருகும் ஆஸ்பென் மரக் கூட்டங்களைப் பார்த்தபோது, கூட்டத்துக்கு வயது ஏற ஏற உயிருள்ள மகரந்தம் குறைந்தது (2010). மரத்தைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. வேரில் பெருகும்போது மகரந்தம் நன்றாக இருக்கிறதா என்று யாரும் சோதிப்பதில்லை, அதனால் அந்த மரபணுக்களில் விழும் பழுதைக் களைய வழியும் இல்லை. களைவது விதை மட்டும்தான்.

விதைக்குப் போனால் எல்லாம் கழுவப்பட்டுவிடும் என்பதும் முழு உண்மை இல்லை. பருவக் குறி கழுவப்படுகிறது, மைக்ரோ ஆர்.என்.ஏ. 156 கருவில் மறுபடி நிரம்பிவிடும், எவ்வளவு கிழமரத்தின் கொட்டையும் குழந்தையாகவே முளைக்கிறது. ஆனால் பாலூட்டிகள் போலச் செடிகள் டி.என்.ஏ. மெத்தில் குறிகளை ஒவ்வொரு தலைமுறையிலும் பெருமளவில் அழித்து எழுதுவதில்லை, பெரும்பாலானவற்றை அப்படியே பிள்ளைக்குக் கொடுக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனில் கார்ல் லின்னேயஸ் பார்த்து வியந்த, ஒழுங்கு மாறி வட்டமாகப் பூத்த லினேரியா பூ அப்படிப்பட்ட ஒன்று. 1999-இல் இங்கிலாந்தில் ஆராய்ந்தபோது எழுத்தில் மாற்றமில்லை, ஒரே ஒரு மரபணு மெத்திலால் அடைபட்டிருந்தது. பாதாமின் மொட்டுக் கோளாறும் இந்த வழியில் விதைக்குள் நுழைகிறது. பாதிக்கப்பட்ட வரிசையைத் தாயாகவோ தந்தையாகவோ வைத்துச் சேர்க்கை செய்தால் பிள்ளைகளில் ஒரு பங்குக்கு அது வரும், அதுவும் நட்ட உடனே தெரியாது, மரம் சில கோடைகளைக் கடந்த பிறகுதான் தெரியும். அதனால் அங்கே புது ரகம் உருவாக்குபவர்கள் இப்போது பெற்றோர் மரத்தின் காய், சுவை, மகசூலோடு அது எந்த மொட்டு வரிசையிலிருந்து வந்தது என்பதையும் கேட்டுவிட்டுத்தான் மகரந்தம் எடுக்கிறார்கள்.